எழுதப் படிக்கத் தெரியும்... ஆனா எந்த மொழியில? ஓசூர் கேட்க வேண்டிய கேள்வி

இலங்கையில் எழுத்தறிவு 95 சதவீதத்துக்கும் மேல். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 73. ‘பக்கத்து நாட்டைப் பாருங்க’ என்று அடிக்கடி சொல்லப்படும் ஒப்பீடு இது. ஆனால், இரண்டு நாடுகளும் ஒரே விஷயத்தைத்தான் எண்ணுகின்றனவா?

எழுத்தறிவு உள்ளவர் யார்?

இந்தியாவில் 7 வயது நிரம்பி, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இலங்கையின் விகிதம் 10 வயதுக்கு மேற்பட்டோரை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இன்னொரு முக்கியமான வித்தியாசமும் இருக்கு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஒவ்வொன்றையும் பேசத் தெரியுமா, எழுதப் படிக்கத் தெரியுமா என்று இலங்கையின் 2012 கணக்கெடுப்பு தனித்தனியாகக் கேட்டது. இந்தியாவில் தாய்மொழியையும், தெரிந்த பிற மொழிகளையும் கேட்கிறார்கள். எந்த மொழியில் படிக்க முடியும் என்று கேட்பதில்லை.

இதனால ஓசூருக்கு என்ன?

நிறைய இருக்கு. 2011-ல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09%, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 71.46%. கர்நாடக எல்லையை ஒட்டிய தளி, பாகலூர் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோதான். சிப்காட் ஆலைகளுக்கு ஒடிசா, பிகார், அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒடியா மட்டும் படிக்கத் தெரிந்த தொழிலாளியும் கணக்கில் ‘எழுத்தறிவு உள்ளவர்’தான். ஆனால், மெஷின் மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அவருக்கு வெறும் கோடுகள். கன்னடம் மட்டும் படித்த பாட்டிக்கு ரேஷன் கடை அறிவிப்பும் அப்படித்தான்.

பள்ளியிலும் இதே சிக்கல். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023-ல் ஓராண்டு விலக்கு கிடைத்தது. இங்கேயே வாழ்ந்து வேலை பார்க்கத் தமிழ் தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், எந்தக் குழந்தை எந்த மொழியில் திணறுகிறது என்று தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

என்ன செய்யலாம்?

2027 கணக்கெடுப்பில் ‘எந்த மொழியில் படிப்பீர்கள்?’ என்ற ஒரே ஒரு கேள்வி சேர்ந்தால் போதும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஆலைகள் தங்கள் ஆட்களிடம், பள்ளிகள் தங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கே கேட்கலாம். எச்சரிக்கைப் பலகையை அதற்குப் பிறகு எழுதட்டும்.