காப்டனைப் பலி கொண்ட பாய்மரம்!

காப்டன் குக்கின் பெயரை உலகம் அறியும். அவரைச் சுமந்த கரிக் கப்பலை யார் நினைக்கிறார்கள்?

அந்தக் கப்பல் 1770இல் இங்கிலாந்தில் விட்பி என்ற ஊரில் கட்டப்பட்டது. 462 டன். நிலக்கரி ஏற்றும் வியாபாரக் கப்பல். 1771இல் பிரிட்டிஷ் கடற்படை அதை விலைக்கு வாங்கியது. பீரங்கிகளை ஏற்றி, 'ஸ்லூப்' என்னும் சிறு போர்க்கப்பலாக மாற்றியது. 'ரெசல்யூஷன்' என்று பெயரும் சூட்டியது.

போர்க்கப்பல்கள் எத்தனையோ இருக்க, கரிக் கப்பல் ஏன்? குக் இளமையில் கரிக் கப்பலில் வேலை பார்த்தவர். அதன் அருமை அவருக்குத் தெரியும். அடிப்பாகம் தட்டை. கரையோரம் தரைதட்ட விட்டே பழுது பார்க்கலாம். வயிறோ பெரிது. நெடுநாளைக்கு வேண்டிய உணவு கொள்ளும்.

ஜோசப் பாங்ஸ் என்ற பணக்கார விஞ்ஞானி, தம் வசதிக்காக மேலே ஒரு தளம் கட்டச் செய்தார். கப்பல் தலைகனத்துத் தள்ளாடியது! கட்டியதை இடித்தார்கள். பாங்ஸ் கோபித்துக்கொண்டு பயணத்தையே கைவிட்டார். கப்பல் பிழைத்தது.

1773 ஜனவரி 17இல் அது தென் துருவ வட்டத்தைக் கடந்தது. பனிப்பாறைகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, 1775இல் பத்திரமாக ஊர் திரும்பியது.

அடுத்த பயணம் 1776இல். அதற்குமுன் கடற்படைப் பட்டறையில் கப்பலைப் பழுது பார்த்தார்கள். அமெரிக்க யுத்த நேரம் அது; பட்டறையில் வேலை நெருக்கடி. அரைகுறையாக முடித்து அனுப்பினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டும் முன்பே உள்ளே தண்ணீர் ஒழுகியது. 1778இல் வட அமெரிக்கக் கரையில் நிறுத்தி, முன் பாய்மரத்தைச் செப்பனிட நேர்ந்தது.

1779 பிப்ரவரி 4இல் குக் ஹவாய்த் தீவை விட்டுக் கிளம்பினார். புயலில் அதே பாய்மரம் விரிசல் விட்டது. வேறு வழியின்றித் திரும்பினார். ஒரு படகு திருட்டுப் போனது. அதனால் தகராறு மூண்டது. 14ஆம் தேதி தீவுவாசிகள் குக்கைக் கொன்றார்கள்.

புயல்மேல் பழி போடுவது சுலபம். தென் துருவக் கடலையே தாங்கிய கப்பல் அல்லவா அது? விட்பித் தச்சர்களின் கை சோரவில்லை. பட்டறைக்காரர்களின் கைதான் சோர்ந்தது.

1780இல் கப்பல் நாடு திரும்பியது. பிறகு சரக்குக் கப்பலாகக் கிழக்கே வந்தது. 1782 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி சப்ரேனின் படை அதைப் பிடித்தது. ஜூலை 6இல் நாகப்பட்டினம் அருகே ஆங்கிலேயருடன் கடற்போர். அது முடிந்ததும், மரமும் ரொட்டியும் வாங்கிவர மணிலாவுக்கு அதை அனுப்பினார் சப்ரேன். மறு ஆண்டு ஜூன் வரை காத்திருந்தார். மூழ்கிவிட்டதோ, ஆங்கிலேயரிடமே சிக்கிவிட்டதோ என்று கவலைப்பட்டார். கப்பல் வரவில்லை.