‘எல்லாரும் இறங்கிப் போகினம்’

ஆசிரியர் அவர்கட்கு,

வடக்குக்கு ஓடும் புகையிரதங்களில் தமிழ் அறிவித்தல் இல்லாத குறையைப் பற்றி உங்கள் பத்திரிகையில் முன்னரும் பலர் எழுதிவிட்டார்கள். ஆனாலும் போன கிழமை என் பெரியம்மாவுக்கு நடந்ததை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு 76 வயது. கொழும்பில் கண் கிளினிக்குக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பினார். மூட்டு வருத்தக்காரர். பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது என்பதால் கோச்சிதான் அவருக்கு ஒரே வழி. மகள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏற்றி, யன்னலோர ஆசனத்தில் இருத்தி, எனக்கும் அழைத்துச் சொன்னாள். பாதிவழியில் ஒரு நிலையத்தில் இயந்திரம் பழுதாகிக் கோச்சி நின்றுவிட்டது. எந்தக் கோச்சி, எந்த நிலையம் என்று நான் இங்கே எழுதவில்லை. அன்று கடமையில் இருந்த ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமல்ல.

முக்கால் மணித்தியாலம் கழித்து ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் வந்தது. மூன்று தரம் சொன்னார்கள். மூன்று தரமும் சிங்களத்தில் மட்டும். மறுமேடையில் வேறு கோச்சி வருகிறது, எல்லோரும் அதற்கு மாறுங்கள் என்பதுதான் செய்தி. பெரியம்மா இருந்த பெட்டியில் பெரும்பாலானவர்கள் நயினாதீவுக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள். அவர்கள் பிள்ளைகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். விளங்கிய தமிழர் ஓரிருவரும் சனத்தோடு சனமாய்ப் போய்விட்டார்கள். கண்ணில் மருந்து விட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த இந்த மனுசி மட்டும் தனியே இருந்து எனக்கு அழைத்தார்.

“தம்பி, எல்லாரும் இறங்கிப் போகினம். ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. நானும் இறங்கிறதோ?”

கொக்குவிலில் இருந்துகொண்டு நான் என்ன சொல்ல? “பக்கத்தில ஆரும் நிண்டா போனைக் குடுங்கோ” என்றேன். “ஒருத்தரும் இல்லை, தம்பி” என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆமிப் பொடியன், தன் பையை எடுக்கத் திரும்பி வந்தபோது அவரைக் கண்டிருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களம் தெரியாது. கையால் காட்டிச் சொல்லி, அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு, மேம்பாலப் படிகளில் ஒவ்வொன்றாய்க் கைபிடித்து ஏற்றி இறக்கி, மற்றக் கோச்சியில் இருத்திவிட்டுத்தான் தன் பெட்டிக்குப் போனான். அவர் ஏறிச் சில நிமிடத்தில் கோச்சி வெளிக்கிட்டது. அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும். ஆனால் ஒரு பயணி வீடு வந்து சேர்வது, வழியில் நல்ல மனம் உள்ள ஒருவனைச் சந்திப்பதில் தங்கியிருக்கலாமா?

அன்றிரவு பெரியம்மாவைக் கூட்டிவர நிலையத்துக்குப் போனபோது அங்கே பொறுப்பான ஒருவரிடம் முறையிட்டேன். “அறிவிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது, ஐயா. இப்ப எல்லாருக்கும் சிங்களம் விளங்கும்தானே. அம்மா பத்திரமா வந்து சேர்ந்திட்டாதானே” என்றார். இதை அவர் நல்ல தமிழில் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்ததும் அங்கேதான்.

எல்லோருக்கும் விளங்கும் என்றால் என் பெரியம்மா ஏன் வெறும் பெட்டிக்குள் இருந்தார்? வந்து சேர்ந்துவிட்டார் என்பது பதிலா? பெட்டியில் தீப்பற்றி, இறங்கி ஓடுங்கள் என்று சிங்களத்தில் மட்டும் சொல்லியிருந்தால்? அறிவிப்பவருக்குத் தமிழ் தெரியாததும் காரணமாகாது. “வேறு புகையிரதத்துக்கு மாறவும்”, “தாமதமாகும்”, “இந்த மேடையிலிருந்து புறப்படும்” என்று பத்துப் பன்னிரண்டு வசனங்களை ஒருதரம் தமிழில் பதிவுசெய்து வைத்தால், பொத்தானை அழுத்தத் தெரிந்த எவரும் போடலாம். ஒலிபெருக்கி பழுதென்றால் கார்ட்டின் கையில் மும்மொழியிலும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். பெட்டி பெட்டியாய்ப் போய்க் காட்டட்டும். ஆள் இல்லை, பணம் இல்லை என்ற கதைகளை இதற்குச் சொல்ல முடியாது.

வடக்குப் பாதையில் போய்வருகிறவர்களுக்கு அறிவித்தலின் அருமை தெரியும். பொல்காவலைக்கு அப்பால் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிர்க்கோச்சிக்கு வழிவிட எங்கே எவ்வளவு நேரம் நிற்போம் என்று முன்கூட்டித் தெரியாது. மாகோவில் மட்டக்களப்புப் பாதை பிரிகிறது. மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதை. மாறி ஏறினால் நாட்டின் வேறு கரையில் போய் இறங்க வேண்டிவரும். தண்டவாளமும் சமிக்ஞையும் போல அறிவித்தலும் கோச்சி ஓட்டுவதில் ஒரு பகுதி. அதைப் பயணிக்குச் செய்யும் உபசாரமாக நினைப்பதுதான் பிழை.

இந்தக் கோச்சிப் பாதைக்காக எங்கள் சனம் பட்டது கொஞ்சமல்ல. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை 1905இல் பாதை முழுமையடைந்தது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அது ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகுமுன், அதே வருசம் ஜூனில், ‘சிங்களம் மட்டும்’ சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிவாங்கினார்கள். அதற்கு முன் தென்னிலங்கையின் எத்தனையோ நிலையங்களில் யாழ்ப்பாணத்து நிலைய அதிபர்கள் மரியாதையோடு கடமை செய்தவர்கள். அந்தச் சட்டத்தின் பிறகு அந்தத் தொழில்களுக்குப் போகும் கதவு எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சாத்தப்பட்டது என்பதை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். தமிழில் அறிவிக்க ஆளில்லை என்று இன்று சொல்கிறவர்கள், ஆளில்லாமல் போனது எப்படி என்பதையும் யோசிக்கட்டும்.

1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கி, படையினரும் சாதாரணப் பயணிகளும் செத்தார்கள். 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. யாழ்ப்பாண நிலையம் கூரையில்லாத சுவர்களாய் நின்றதை நாங்கள் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். போர் முடிந்தபின் ஓமந்தை, கிளிநொச்சி, பளை என்று பாதை படிப்படியாய் ஏறி வந்து, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி 24 வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குள் கோச்சி நுழைந்தபோது, பார்க்கவென்றே வந்து நின்ற சனத்தில் பெரியம்மாவும் ஒருவர். கண் கலங்கி நின்றார். பிறகு திருத்த வேலைக்கென்று 2023இல் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலும், 2024இல் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையிலும் மாதக்கணக்கில் பாதையை மூடினார்கள். நல்லதற்குத்தானே என்று பொறுத்தோம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் அனுராதபுரத்துக்கு வந்து புதிய சமிக்ஞைத் தொகுதியைத் தொடக்கிவைத்தார்கள். அத்தனை கோடி செலவழித்த நாட்டுக்கு ஓர் ஒலிப்பதிவுக்குக் காசில்லை என்று எவர் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

இது நாங்கள் கையேந்திக் கேட்கும் சலுகையும் இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதியது. அடுத்த வருசத்து 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியில்கூட ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கலாம். இதைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆணைக்குழுவே இருக்கிறது. முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அங்கே அனுப்பியிருக்கிறேன். மொழிவாரங்களுக்கும் நல்லிணக்கக் கூட்டங்களுக்கும் வந்து மாலை போட்டுக்கொள்ளும் பெரியவர்கள், ஒரு நாள், ஒரே ஒரு நாள், அறிவிப்பு விளங்காத பயணியாக மூன்றாம் வகுப்பில் இருந்து பார்க்க வேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களையும் கேட்கிறேன்: எத்தனை பேர் கடைசியாகக் கோச்சியில் கொழும்புக்குப் போனீர்கள்?

பெரியம்மாவுக்கு அடுத்த கிளினிக் வரும் மாதம் 18ஆம் திகதி. போகப் பயமாயிருக்கிறது என்கிறார். நேற்று ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, கோச்சி மாறச் சொல்வதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்கள், தமிழ் எழுத்தில் எழுதித் தா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்து அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்குகிறார். 18ஆம் திகதிக்கு முன்னராவது அந்த ஒலிப்பதிவைச் செய்து முடிக்கும்படி சம்பந்தப்பட்ட அதிகாரிகளை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகர்