ஒரு நோய்க்கு நான்கு பெயர்

பாடாங் மேஹா தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர் என் பாட்டி. “எனக்கு இனிப்பு நீரு இருக்குய்யா” என்பார். கிளினிக் தாதி அதையே ‘கென்சிங் மானிஸ்’ என்பார். பக்கத்து வீட்டு மாமாவுக்கு அது ‘சக்கர வியாதி’. நாளிதழில் அது ‘நீரிழிவு’.

நான்கும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் தோட்டத்து முதியோரைப் பேட்டி கண்டு, அனைத்தையும் கணினியில் ஏற்றினேன். ‘நீரிழிவு’ என்று தேடியபோது சில பதிவுகளே வந்தன. என் பாட்டியின் பதிவு வரவில்லை! தரவு இருந்தது, அதை அடையும் வழிதான் இல்லை.

இச்சிக்கலுக்கு அறிவியல் உலகம் எப்போதோ வழி கண்டுவிட்டது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் ‘மெஷ்’ எனும் மருத்துவச் சொற்பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு கருத்துக்கு ஒரே தலைமைச் சொல். மற்ற வழக்குகள் யாவும் அதனிடம் இட்டுச் செல்லும் வாசல்கள். ஆய்வாளர் எந்தச் சொல்லைக் கையாண்டாலும் கட்டுரை உரிய தலைப்பின் கீழ்ச் சேர்ந்துவிடும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் ‘அக்ரோவோக்’ பட்டியலோ ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அடையாள எண் தந்து, பல மொழிச் சொற்களை அதனுடன் இணைக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ எனும் மரவகைக்குத் தாய்லாந்திலும் அதே பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இரு நாட்டு விளைச்சலையும் ஒப்பிட முடிகிறது.

தமிழில் நம் நிலை என்ன? நம் தமிழ்ப்பள்ளியின் ‘கரிவளி’, இலங்கை மாணவனுக்குக் ‘காபனீரொட்சைட்டு’. தமிழகத்தில் ‘கார்பன் டை ஆக்சைடு’. பழைய நூல்களில் ‘கரியமில வாயு’. போதாக்குறைக்கு, 2003-இல் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாறிப் பின்னர் தமிழுக்கே திரும்பியது. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு சொற்களால் அறிவியல் கற்றனர். நாமோ, எது தூய தமிழ் என்று மேடைதோறும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கருத்து இதுதான்: எந்தச் சொல்லையும் விரட்ட வேண்டாம், எல்லாவற்றையும் இணைப்போம். தலைமைச் சொல் ஒன்று இருக்கட்டும். பாட்டியின் சொல்லும் அதற்கு வாசலாக இருக்கட்டும். ஆனால், இதைக் குத்துமதிப்பாகச் செய்தல் ஆகாது. ஒருவர் ‘வாதம்’ என்பது பக்கவாதமா, மூட்டுவலியா? மருத்துவம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒன்றாக அமர்ந்தே முடிவு செய்ய வேண்டும். இவ்விரு சாராரும் ஒருங்கே கூடுமிடம் நம் தமிழ்ப் பேரவையன்றி வேறெது?

அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் பெரியவர்களிடமிருந்து இருபது சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். தோட்டங்கள் கலைகின்றன, அச்சொற்களைப் பேசுவோரும் குறைந்து வருகின்றனர். முன்னாள் மாணவர்களே, உங்கள் துறைச் சொற்களைச் சரிபார்த்துத் தாருங்கள்.

நான் தொடங்கிவிட்டேன். நான்கு பெயர்களையும் ஓர் எண்ணின் கீழ் எழுதி வைத்தேன். இப்போது ‘நீரிழிவு’ என்று தேடினால் என் பாட்டியும் வருகிறார்.