சிபாரிசு வேண்டா, சொல் வேண்டும்

அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைக் காண நான்கைந்து மாதம் கழித்து நாள் குறித்துக் கொடுத்தால், நம்மவர் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி, "உள்ளே யாரையாவது தெரியுமா?" என்பதே. சித்தப்பாவின் மருமகள் அங்கே தாதியாக இருக்கிறாரா, வட்டாரத் தலைவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று ஊரெல்லாம் தேடுகிறோம். காரியம் கைகூடிவிட்டால் அதனை வெற்றியெனப் பத்துப் பேரிடம் சொல்லி மகிழ்கிறோம்.

இது வெற்றியன்று, களவு. ஒரு நிபுணர் ஒரு காலைப் பொழுதில் பார்க்கக்கூடிய நோயாளர் தொகைக்கு எல்லை உண்டு. சிபாரிசால் ஒருவர் முன்னே நுழைந்தால், யாரையும் அறியாத ஒருவர் பின்னே தள்ளப்படுகிறார். அவரும் ஒரு வீட்டின் தாய். ஒரு குடும்பத்தின் விளக்கு.

"பெற்றவள் துடிக்கும்போது நீதி பேசிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்விதான். தாய்க்காக விரைவது மக்களின் கடன். ஆனால், விரைவுக்குரிய தலைவாயில் எது என்பதை அறியாமல் புறக்கடையைத் தட்டுகிறோமே, அதுவே நம் பிழை.

நம் மலேசிய நாட்டில் 1 ரிங்கிட் செலுத்திச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைக் காண்கிறோம். நிபுணர் தேவையென அவர் கருதினால் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். 5 ரிங்கிட் கட்டணத்தில் நிபுணரைக் காணும் வழி அக்கடிதத்தால் திறக்கிறது. கடிதத்தைப் படித்தே நோயின் அவசரம் எடைபோடப்படுகிறது. புற்றுநோய் ஐயம் எழுந்தால் நாள் அருகில் வரும். பொறுக்கக்கூடியதெனத் தோன்றினால் மாதங்கள் தள்ளிப்போகும். கடிதம் ஊமையாயின் நோயாளியும் ஊமையே.

என் அண்டை வீட்டு மூதாட்டி நாற்பதாண்டு பால்மரம் சீவியவர். வயிற்று நோயென்று கிளினிக்கிற்குச் சென்றவர் மருத்துவரிடம் சொன்னவை, "சாக்கிட் பெரூட்" என்ற இரண்டே மலாய்ச் சொற்கள். கடிதமும் ஒரே வரியாயிற்று. ஐந்து மாதம் கழித்து நாள் கிடைத்தது. நான் உட்கார்ந்து கேட்டபோதுதான் மற்றவை வெளிவந்தன: உணவு இறங்கவில்லை, மலம் கறுத்துப் போகிறது, சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு உடல் மெலிந்துவிட்டது. "இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?" என்றேன். "அவருக்கு எம்புட்டுப் பேரு காத்திருக்காங்க வாத்தியாரே, நாம எதுக்கு நேரத்த எடுக்கணும்?" என்றார். அந்தப் பணிவு அவர் உயிரையே விலையாகக் கேட்டுக்கொண்டிருந்தது!

அனைத்தையும் நாள்வாரியாக மலாயில் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாளே உடன் சென்றேன். மருத்துவர் படித்தார், மீண்டும் சோதித்தார், புதுக்கடிதம் எழுதித் தாமே தொலைபேசியில் பேசினார். பன்னிரண்டாம் நாள் நிபுணர் பார்த்தார். இரைப்பையில் கட்டி இருந்தது, அறுவை நடந்தது. இன்று அம்மூதாட்டி வாசலில் அமர்ந்து கீரை ஆய்கிறார். எந்தத் தலைவரின் வாசலையும் நாங்கள் மிதிக்கவில்லை.

இதனால் அரசின் பொறுப்பு நீங்கிவிடாது. 2016இன் இறுதியில் இளம் மருத்துவர்களுக்கு ஒப்பந்த நியமன முறை வந்தது. நிபுணத்துவப் பயிற்சிக்கும் நிலையான பணிக்கும் வழி குறுகிய அவர்கள், 2021 ஜூலை 26இல் பணியைவிட்டு வெளிநடப்புச் செய்ததை நாடு கண்டது. இன்றைய இளம் மருத்துவரை வளர்க்காத நாட்டில் நாளைய நிபுணர் எங்கிருந்து வருவார்? வரிசையைக் குறைக்க வேண்டுமெனக் குரலெழுப்புவோம், வரிசையைத் திருடோம்.

ஆசிரியப் பெருமக்களே! இந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே நிலவின் அழகை எழுதப் பழக்குகிறோம், நன்று. பாட்டியின் நோயை எழுதவும் பழக்குவோம். எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எதனால் மிகுகிறது, உடல் எவ்வளவு மெலிந்தது, என்ன மருந்து உண்கிறார் என்று தமிழில் கேட்டு, மலாயில் எழுதும் திறம் ஓர் உயிரைக் காக்கும்.

மாணவமணிகளே! பாட்டியோடு நீங்களும் செல்லுங்கள். நோய் முற்றினால் குறித்த நாள்வரை காத்திராமல் கிளினிக்கிற்குத் திரும்பிப் புதுக்கடிதம் கேளுங்கள். பிறர் கைவிட்ட நாள் ஏதும் உண்டாவென மருத்துவமனையில் வினவுங்கள். உங்களால் போக இயலாவிடின் முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த இடம் இன்னொருவரின் உயிராகலாம். மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சுவலிக்கும் கடிதம் தேவையில்லை. 999ஐ உடனே அழையுங்கள்.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு உடனிருந்து உதவுபவரையும் சேர்த்தார். அந்த நான்காமவர் நாம். நம் வேலை ஆள் பிடிப்பதன்று. நாவற்றுப் போனவர்க்கு நாவாக இருப்பது. தமிழ் கற்றவர் அதையும் செய்யாவிடின், கற்ற தமிழால் யாருக்கு என்ன பயன்?