மூளையின் வரைபடம் மோகனூருக்கும் வரட்டும்

பெருமூளைப் புறணி சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள். ஜெர்மானியரான கோர்பினியன் பிராட்மன் அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பகுதி பகுதியாகப் பிரித்து 1909-இல் எண்ணிட்டார். நரம்பியலாளர்கள் இன்றும் அந்த எண்களைச் சொல்கிறார்கள்.

அந்தப் பணி இப்போது சென்னையில் செல் அளவுக்கு நுணுகியிருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-இல் தொடங்கியது. அதன் தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் மின் பொறியியல் பேராசிரியர். மருத்துவக் கருவிகளை உருவாக்கியவர். மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, ஒவ்வொன்றையும் படமெடுக்க மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்தே உழைக்க வேண்டும். கருவில் வளரும் மூளையின் 5,132 சீவல்கள் கொண்ட ‘தரணி’ தொகுப்பு 2024 டிசம்பரில் வெளியானது. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஆனால், யார் பார்க்கிறார்கள்?

நாமக்கல் அருகே மோகனூரில் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் மாணவிக்கு மூளை என்பது பாகம் குறிக்கும் பாடநூல் படம்தான். பள்ளிக் கல்வித் துறை ‘தரணி’ படங்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதி, அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களில் காட்ட வேண்டும். நாமக்கல் வட்டாரத்தில் மருத்துவ சீட்டை மட்டுமே இலக்காக்கிப் படிக்கும் பிள்ளைகள் அதிகம். பொறியியல் வழியாகவும் மூளை ஆய்வுக்குள் நுழையலாம் என்பதை அவர்களுக்கு ஆசிரியர்களும் பெற்றோரும் பதினோராம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.