நீல முள்ளெலியை நேசிப்பவன் பைத்தியக்காரனா?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்ப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். சண்டைக்கு வர நினைப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டில் ஒருவர். முப்பது வயதைத் தாண்டியவர். தொழில் செய்கிறார், குடும்பம் இருக்கிறது. அவருடைய அலுமாரி முழுக்க சொனிக் பொம்மைகள். சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமில் வந்த அந்த நீல நிற முள்ளெலியை இன்றுவரை விடவில்லை. அந்த வீடியோ நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கீழே நம்மவர்கள் எழுதியவை: "பைத்தியம்." "வேலை வெட்டி இல்லாத ஆக்கள்." "இதுவும் ஒரு சிலை வணக்கம்தான்." "நம்மட புள்ளைகளும் இப்படித்தான் நாசமாகப் போகுது."

முதல் மூன்றையும் விட்டுவிடலாம். நாலாவதுக்காகத்தான் எழுதுகிறேன். அந்த ஒரு வரியை நம்பி நாம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல.

முதலில் இந்த சொனிக் யார் என்று தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைத் திட்டுவது நமக்குப் பழகிப்போய்விட்டது.

1990 அளவில் ஜப்பானின் செகா கம்பனிக்கு ஒரு தலைவலி. போட்டிக் கம்பனி நின்டென்டோவிடம் மரியோ இருந்தது. அதற்கு ஈடாகத் தங்களுக்கும் ஒரு முகம் வேண்டும். நாஓடோ ஓஷிமா என்ற ஓவியர் சில உருவங்களை வரைந்து, நியூயோர்க் சென்ட்ரல் பார்க்குக்குக் கொண்டுபோய், அங்கே நடந்து போனவர்களிடம் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். முள்ளெலிதான் முதலிடம். உடம்புக்கு செகா சின்னத்தின் நீலம். 1991 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் சொனிக்கின் முதல் விளையாட்டு வெளியானது. (தமிழில் பலர் இதை முள்ளம்பன்றி என்கிறார்கள். அது வேறு விலங்கு.)

ஆக, இது ஒரு கம்பனி பொருள் விற்பதற்காக உண்டாக்கிய சின்னம். இதை நான் மறைக்கவில்லை. "வியாபாரத்துக்காக உண்டாக்கிய ஒன்றை ஒருவன் ஏன் முப்பது வருடம் நேசிக்க வேண்டும்?" என்பது நியாயமான கேள்விதான். பதிலை அந்த ரசிகர்கள் செய்த வேலையில் தேடுங்கள்.

1992 நவம்பரில் சொனிக்கின் இரண்டாவது விளையாட்டு வந்தது. வெளிவருவதற்கு முன்பு சஞ்சிகைகளில் வந்த படங்களில் 'ஹிடன் பேலஸ்' என்ற ஒரு கட்டம் இருந்தது. பிள்ளைகள் விளையாட்டை வாங்கிப் பார்த்தால் அந்தக் கட்டத்தைக் காணவில்லை. நேரம் போதாமல் கம்பனி அதை நீக்கிவிட்டிருந்தது. கம்பனி அதோடு மறந்துவிட்டது. ரசிகர்கள் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த விளையாட்டின் முடிவடையாத பழைய பிரதி ஒன்று இணையத்தில் அகப்பட்டது. அதைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக ஆராய்ந்து, எது எங்கே இருந்தது, ஏன் போனது என்று வருடக்கணக்காகக் குறிப்பெடுத்தார்கள். ஒரு சதம் சம்பளம் கிடையாது. பரீட்சை கிடையாது. சான்றிதழ் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் வைட்ஹெட். பழைய சொனிக் விளையாட்டுகள் புதிய கருவிகளிலும் அதே வேகத்தோடு, அதே வழுக்கலோடு ஓட வேண்டும் என்பது இவருடைய பிடிவாதம். அதற்காகத் தானாகவே ஒரு மென்பொருள் இயந்திரத்தை எழுதினார். 2009இல் 'சொனிக் சீடி' விளையாட்டை ஐபோனில் ஓட வைத்துக் காட்டினார். செகா என்ன செய்தது? வேலையை அவரிடமே கொடுத்தது. 2011இல் அது முறைப்படி வெளியானது. பிறகு 2013இல் இரண்டாவது சொனிக் விளையாட்டு கைபேசிக்கு வந்தபோது, இருபது வருடமாகக் காணாமல் போயிருந்த அந்த ஹிடன் பேலஸ் கட்டம் முழுமையாக உள்ளே இருந்தது. அதை முடித்து வைத்தவர்கள் ரசிகர்கள்.

2017இல் இதே மனிதரும் அவரைப் போன்ற ரசிகர்களும் சேர்ந்து 'சொனிக் மேனியா' செய்தார்கள். இசை அமைத்த டீ லோபஸ், யூடியூபில் சொனிக் இசையைத் தன் பாணியில் வாசித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ரசிகர். பல வருடங்களில் வந்த சொனிக் விளையாட்டுகளில் விமர்சகர்கள் அதிகம் பாராட்டியது இதைத்தான். ரசிகராக சொனிக் கதை எழுதிக்கொண்டிருந்த இயன் ஃப்ளின் என்பவர் 2006இல் சொனிக் கொமிக்ஸின் எழுத்தாளரானார். 2022இல் வந்த பெரிய சொனிக் விளையாட்டுக்குக் கதை எழுதியதும் அவர்தான்.

இப்போது சொல்லுங்கள். எந்தப் பாடசாலையில், எந்த வகுப்பில், இப்படி இருபது வருடம் ஒரே விஷயத்தைத் துரத்தும் மாணவனை நாம் உருவாக்கியிருக்கிறோம்? கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பெரிய பாடமே பிள்ளையின் உள்ளார்ந்த ஆர்வத்தைக் கண்டுபிடி என்பதுதான். அந்த ஆர்வம் நம் கண் முன்னாலேயே வந்து நிற்கும்போது, அதன் முகம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அடித்து விரட்டுகிறோம்.

"எல்லா ரசிகனும் வைட்ஹெட் ஆகவா போகிறான் சேர்?" என்று கேட்பீர்கள். ஆக மாட்டான். அலுமாரியில் பொம்மை அடுக்கிய அந்த மனிதரும் எதையும் உருவாக்காதவராக இருக்கலாம். அதனால் என்ன? 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்ததையும் மூன்று விக்கெட் வீழ்த்தியதையும் இன்றைக்கும் நேற்று நடந்தது போல் சொல்லும் வாப்பாமார் நம்மிடம் எத்தனை பேர்? கால்பந்து உலகக் கிண்ணம் வந்தால் வாழ்நாளில் காலடி வைக்காத பிரேசிலுக்காகக் கொடி கட்டி, ஆர்ஜன்டீனாக்காரனோடு ஒரு மாதம் பேசாமல் இருக்கும் நானாமார் எத்தனை பேர்? அவர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை. "பழைய விளையாட்டுப் பிரியர்" என்கிறோம். பெரியவரின் பிரியத்துக்கு மரியாதை, சின்னவனின் பிரியத்துக்குச் செருப்படி. இது நீதியா?

சிலை வணக்கம் என்று எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கச் சொற்களை இவ்வளவு மலிவாக வீசாதீர்கள். ஷிர்க் என்பது பாரமான சொல். ஒரு கதாபாத்திரத்தைப் பிடிக்கும் என்பவன் அதனிடம் எதையும் கேட்பதில்லை, அதற்கு அஞ்சுவதில்லை. உருவப் பொம்மை வைத்திருப்பது, உயிருள்ளவற்றை வரைவது பற்றி மார்க்கச் சட்டக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை உலமாக்களிடம் ஒழுங்காகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனின் ஈமானுக்கு வட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை அல்ல.

உலமாக்கள் இப்படிப்பட்ட விஷயத்தில் எதைப் பார்த்தார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2001இல் சவூதி அரேபியாவில் போக்கிமொன் விளையாட்டுக்கும் அட்டைகளுக்கும் எதிராக ஃபத்வா வந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமான ஒன்று, அந்த அட்டை விளையாட்டு சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது. மற்றக் காரணங்களை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். இந்த ஒன்றைக் கவனியுங்கள். பணம் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

நாம் அதைப் பார்க்கிறோமா? உங்கள் பிள்ளையின் ஃபோனில் இருக்கும் சில விளையாட்டுகளுக்கு நுழைவு இலவசம். உள்ளே போன பிறகு ஒரு பெட்டி. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. காசு கட்டித் திறந்தால் நல்லது வரலாம், குப்பையும் வரலாம். குப்பை வந்தால் இன்னொரு தடவை. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு இப்படியான பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. ஒரு ஐரோப்பிய நாடு சூது என்று சொன்னதை நம் வீட்டுப் பிள்ளைகள் ரீலோட் காசில் ஆடுகிறார்கள். இதைப் பற்றி நம் குழுக்களில் ஒரு குரல் பதிவு வந்ததை நான் கேட்டதில்லை. ஆனால் ஒருவர் பொம்மை அடுக்கினால் ஐம்பது கருத்துகள்.

இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு "கேம்" என்று பெயர் வைத்துவிட்டோம். அங்கேதான் பிழை. சூதுப் பெட்டிக்குள் விழுந்த பிள்ளைக்குத் தான் விளையாடும் பாத்திரத்தின் பெயர்கூடச் சில நேரம் நினைவிருக்காது. அடுத்த பெட்டிதான் அவன் கண்ணில் நிற்கும். நேசிக்கும் பிள்ளை வேறு. அவன் வரைவான், கதை சொல்வான், பழையதையும் புதியதையும் ஒப்பிடுவான், பிழையைக் கண்டால் கோபப்படுவான்.

அந்தக் கோபத்துக்கும் மதிப்பு உண்டு. 2019 ஏப்ரல் 30 அன்று சொனிக் திரைப்படத்தின் முதல் ட்ரெய்லர் வந்தது. மனிதப் பற்கள், சின்னக் கண்கள், பார்க்கவே ஒரு மாதிரியான உருவம். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர், கேட்டுவிட்டோம், மாற்றுகிறோம் என்று அறிவித்தார். நவம்பரில் வர இருந்த படம் 2020 பெப்ரவரி 14க்குத் தள்ளிப்போனது. புதிய உருவத்தை வடிவமைக்கும் பொறுப்பு சொனிக் கொமிக்ஸ் வரைந்த ஓவியர் டைசன் ஹெஸ்ஸிடம் போனது. படம் உலகம் முழுவதும் 300 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. காசு போட்டவர்களுக்குத் தெரியாத ஒன்று, பல வருடம் நேசித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதில் ரசிகர்களுக்கும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. அந்தப் படத்தின் வேலையில் பங்கெடுத்த வன்கூவர் கிராஃபிக்ஸ் நிறுவனம், படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் மூடப்பட்டது. ரசிகர்களால் மூடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் இரவு பகலாக வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேலி செய்து, வசைபாடி ஒரு பாத்திரத்தை நேசிக்க முடியாது என்கிறேன். நேசத்துக்கும் அதபு வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது நமது பொறுப்பு. அதற்கு முதலில் அவர்களோடு பேசும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

பேசுகிறோமா? நான் கற்பிக்கும் மாணவன் ஒருவன். அடையாளம் வேண்டாம். அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் சொனிக்கை ஓடும் நிலையில், திரும்பும் நிலையில், விழும் நிலையில் வரைந்து வைத்திருப்பான். ஒரே உருவம், ஒவ்வொரு பக்கத்திலும் கால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பக்கங்களை வேகமாகப் புரட்டினால் முள்ளெலி ஓடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அசைவோவியத்தின் அடிப்படையை அவன் தானே பிடித்திருந்தான். வீட்டில் கொப்பி அகப்பட்டது, கிழிக்கப்பட்டது. "இதுக்கா உன்னப் படிக்க அனுப்புறோம்" என்று ஏச்சு. இப்போது அவன் வரைவதில்லை. புள்ளிகள் கூடியதா? இல்லை. அந்த நேரம் ஃபோனுக்குப் போனது. எதை விளையாடுகிறாய் என்று கேட்டேன். பெட்டி திறக்கும் விளையாட்டு.

கொப்பியைக் கிழித்தவர் கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைக்காகப் பயந்தவர். அந்தப் பயத்தைத் தப்பான திசையில் திருப்பிவிட்டது நமது ஊர்ப்பேச்சு. அதில் நம் எல்லோருக்கும் பங்கிருக்கிறது.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை ஒரு விளையாட்டிலோ பாத்திரத்திலோ மூழ்கிக் கிடந்தால், ஃபோனைப் பறிப்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று: காசு போகிறதா? போனால், எதற்கென்று தெரிந்து போகிறதா, குருட்டுப் பெட்டிக்குப் போகிறதா? குருட்டுப் பெட்டி என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இரண்டு: தொழுகை, தூக்கம், பாடம் மூன்றும் அதன் அதன் நேரத்தில் நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் நேரத்துக்கு எல்லை போடுங்கள். நேசத்தைக் கேவலப்படுத்தாமலும் எல்லை போடலாம்.

மூன்று: அந்த நேசத்திலிருந்து ஏதாவது வெளியே வருகிறதா? ஒரு படம், ஒரு கதை, ஒரு கேள்வி, "இது எப்படிச் செய்றாங்க வாப்பா" என்ற ஒரு வார்த்தை? வந்தால், பக்கத்தில் உட்காருங்கள். அரை மணித்தியாலம் கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்கிறீர்கள் என்பது அவனுக்கு விளங்கும்.

சொனிக் இன்னும் எத்தனை வருடம் ஓடுமோ எனக்குத் தெரியாது. அந்தக் கம்பனியின் லாபமும் எனக்கு முக்கியமில்லை. ஒன்றை ஆழமாக நேசிக்கவும், நேசிப்பதைப் பற்றி நுணுக்கமாகப் பேசவும் தெரிந்த ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்தால் அது அமானிதம். நாளை அவனுடைய பிரியம் வேறொன்றுக்கு மாறலாம், ஒரு பாடத்துக்கு, ஒரு தொழிலுக்கு, ஒரு மனிதருக்கு. மாறுவதற்கு அந்தக் குணம் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கண்ணியமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்த வீடியோவை மீண்டும் பகிரப் போகிறவர்கள், உங்கள் மகன் அதே குழுவில் இருக்கிறானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.