திரைப்பாட்டும் தேறுதலும்

"திரைப்பாடல் உலகப் பற்றை வளர்ப்பது, விசுவாசக் குடும்பத்தில் அதற்கு இடமில்லை" என்னும் குரல் நம் பங்குகளில் இன்னும் ஓயவில்லை. நல்லெண்ணத்தோடு எழும் குரல்தான். ஆயினும் அதனை நாம் மறுக்கிறோம். எல்லாத் திரைப்பாடல்களுக்கும் நாம் வாதாட வரவில்லை. இழிவானவை இழிவானவையே. திருப்பலியில் அவற்றைப் பாடுக என்றும் நாம் கூறவில்லை. சோர்ந்து விழுந்த மனிதனைக் கைதூக்கி நிறுத்தும் பழைய பாடல்களைப் பழிப்பது நீதியன்று என்பதே நம் வாதம்.

பாட்டின் வலிமையை அறியச் செஞ்சியை விடச் சிறந்த இடம் உண்டோ? ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தாங்கி நிற்கும் கோட்டையை யுனெஸ்கோ நிறுவனம் 2025-இல் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஆனால் மக்கள் நெஞ்சில் செஞ்சியை வாழவைத்தது கல்லன்று, பாட்டு. தேசிங்கு ஆண்டது ஓராண்டுகூட நிறையாத காலமே. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துக் களத்தில் மாண்டான். வென்ற நவாபை எந்தத் திண்ணையும் பாடவில்லை. தோற்ற இளைஞனையும், தன் திருமணத்தையே விட்டு ஓடிவந்து அவனோடு மடிந்த முஸ்லிம் நண்பனையும் நாட்டுப்புறக் கதைப்பாடல் முந்நூறு ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது. மக்கள் வெற்றியை மட்டும் பாடுவதில்லை. தோல்வியிலும் தலைகுனியாமையைப் பாடுகின்றனர்.

இம்மரபின் பிள்ளைகளே நம் பழைய திரைப்பாடல்கள். வயலிலும் பட்டறையிலும் உழைப்போரின் வியர்வையைச் சொல்லாக்கிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தபோது அவருக்கு வயது 29. அவர் பாடல்கள் இன்றும் முதுமையடையவில்லை. 1962-இல் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்திற்குக் கண்ணதாசன் எழுதி, பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா' என்னும் பாடலை எண்ணிப் பாருங்கள். வாய்ப்பின்றி மனமுடைந்து சென்னையை விட்டே செல்ல இருந்த கவிஞர் வாலியை அப்பாடலே தடுத்து நிறுத்தியது. இதனை அவரே பலமுறை நன்றியோடு கூறியுள்ளார். ஒரு பாட்டு ஒரு வாழ்வைத் திருப்பியது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எவ்வாறு தள்ளுவது?

கடல் கடந்தும் இதே உண்மையைக் காண்கிறோம். 1960-இல் அமெரிக்காவோடு செய்யப்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானில் எழுந்த போராட்டம் பயனற்றுப் போனது. அந்த மனச்சோர்வில் ரோகுசுகே எய் என்பவர் ஒரு பாடலை எழுதினார். கண்ணீர் சிந்தாதிருக்க வானத்தைப் பார்த்தபடி தனியே நடப்பவனின் பாட்டு அது. 1961-இல் கியூ சகாமோட்டோ அதனைப் பாடினார். 1963-இல், மொழி புரியாத அமெரிக்க மக்களிடையே, அங்குள்ள பாடல் வரிசையின் முதலிடத்தை அது அடைந்தது. பாடியவர் 1985-இல் விமான விபத்தில் இறந்தார்; பாட்டு இறக்கவில்லை. 2011-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைச் சிதைத்தபோது, அம்மக்கள் மீண்டும் அதனையே பாடினர்.

இப்பாடல்கள் நிலைப்பது ஏன்? இவை பொய்யான ஆறுதல் கூறுவதில்லை. "உனக்குத் துன்பமே இல்லை" என்று கூறாமல், "உன் துன்பத்தை அறிவேன், எனினும் எழுந்து நட" என்கின்றன. நம் திருப்பாடல் நூலின் வழியும் இதுவன்றோ? சிலுவையில் ஆண்டவர் செபித்த 22-ஆம் திருப்பாடல் கதறலில் தொடங்கிப் புகழ்ச்சியில் நிறைவுறுகிறது. கதறலை நீக்கிவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் கேட்பவர் எதிர்நோக்கின் பொருளை அறியாதவர்.

"திரைப்படம் வணிகமாயிற்றே" என்பர் சிலர். ஆம், வணிகமே. ஆனால் திரைப்பாடல் எழுதிய அதே கண்ணதாசனின் பேனாவிலிருந்தே 'இயேசு காவியம்' பிறந்தது. அந்நூலை அலமாரியில் போற்றி வைத்துக்கொண்டு, அவர் பாடலை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? திரையிசை மெட்டுகளைக் கடன்வாங்கிப் பக்திப் பாடல்களுக்குச் சூட்டியவர்களும் நம்மிடையே இருந்தனரே!

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு நெல்லும் மணிலாவும் கொண்டுவரும் உழவன், எதிர்பார்த்த விலை கிட்டாத நாளில் தேநீர்க் கடையில் அமர்கிறான். அங்கே ஒலிக்கும் பழைய பாட்டு அவன் வேதனையைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஞாயிறன்று நம் கோவிலில் அவன் கேட்கும் மறையுரை அதனை அழைக்கிறதா? இல்லையெனில், அவன் ஆறுதல் தேடித் தேநீர்க் கடைக்குச் சென்றது பாட்டின் குற்றமன்று, நம் குற்றம். பாட்டைப் பழிப்பதை விடுத்து, அவனுடைய கண்ணீரின் மொழியை நாம் முதலில் கற்போம்.